மேற்படி இடியாப்பம்

என் தொழிலைச் சொன்னவுடன், "எல்.ஐ.சி. ஏஜென்ட்டா?" என்பார்கள் பாதிப் பேர். மீதிப் பேர், "பாஸ்போர்ட்டா? தட்கல்ல சீக்கிரம் வாங்கித் தருவீங்களா?" என்பார்கள். நிறுத்தி நிதானமாக, "பேட்டன்ட் ஏஜென்ட்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "ஓ, பேட்டன்ட்டா!" என்று ஒரே ஒருவர் முகம் மலர்ந்தார். அவர் ஷூ கடை வைத்திருந்தார். பளபளவென்று மின்னும் ஒரு தோலுக்கு அந்தப் பெயர் உண்டாம்.

புதிதாக ஏதாவது கண்டுபிடித்தவர், அதை இருபது வருடத்துக்கு வேறு யாரும் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசாங்கத்திடம் உரிமை கேட்கலாம். அந்த விண்ணப்பத்தை, அதில் எதற்கு உரிமை என்று வரையறுக்கும் 'கிளெய்ம்' உட்பட, எழுதுவது, தாக்கல் செய்வது, ஆட்சேபணை வந்தால் பதில் எழுதுவது, கூப்பிட்டால் போய் வாதாடுவது, இவ்வளவுதான் நான் செய்வது. இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியலிலோ பொறியியலிலோ ஒரு டிகிரி, அரசு நடத்தும் தேர்வில் தேர்ச்சி, இவை இருந்தால் போதும். கறுப்புக் கோட்டும் கிடையாது. சித்திரை மாதத்தில் ஹைகோர்ட் வராண்டாவில் வக்கீல் நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம், பம்பு கம்பெனி டிசைன் பிரிவிலிருந்து என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்ட மேனேஜரை மனதாரக் கும்பிடுவேன். "உனக்குப் படமும் வருது, இங்கிலீஷும் வருது, இதை நீயே எழுதிக் குடுத்துடு" என்று ஒரு நாள் ஃபைலைத் தூக்கிப் போட்டவர் அவர்தான்.

பெண் பார்க்கப் போன இடத்தில் என் வருங்கால மாமனார் வெகுநேரம் யோசித்தார்.

"அப்ப நீங்க எதையும் கண்டுபிடிக்கிறதில்லே?"

"இல்லீங்க."

"கண்டுபிடிச்சவங்களுக்கு உரிமையும் நீங்க தர்றதில்லே?"

"அது கவர்ன்மென்ட்டு தருது."

"நடுவுல நீங்க என்ன பண்றீங்க?"

இந்தக் கேள்விக்கு அவருக்குத் திருப்தியான பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களிடம், "மாப்பிள்ளை கிண்டியில சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீஸுக்குப் போயிட்டு வர்றாரு" என்று அறிமுகம் செய்துவைத்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கிளெய்ம் எழுத வரவேண்டிய மனிதர், பாங்க் வேலையில் வீணாகிவிட்டார்.

அவர் சொன்ன கிண்டி ஆபீஸ் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. நாட்டில் மொத்தம் நாலு பேட்டன்ட் ஆபீஸ். கொல்கத்தா தலைமை, டெல்லி, மும்பை, சென்னை மற்ற மூன்று. தென் மாநிலங்கள் அத்தனையும், புதுச்சேரியும், லட்சத்தீவும் எங்கள் சென்னைக்குக் கீழே வரும். லட்சத்தீவிலிருந்து ஒரு கட்சிக்காரர் வரமாட்டாரா, நேரில் போய் விவரம் கேட்கும்படி ஆகாதா என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். ஆவடியிலிருந்துதான் வருகிறார்கள்.

இந்தத் தொழிலின் பூர்வீகமே கொஞ்சம் வேடிக்கையானது. 1856 மார்ச் 3 அன்று கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற இன்ஜினியர் கொடுத்ததுதான் இந்தியாவின் முதல் பேட்டன்ட் விண்ணப்பம். ரயிலுக்கோ தந்திக்கோ இல்லை; பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறியை, வராண்டாவில் உட்கார்ந்து ஓர் ஆள் கயிறு கட்டி இழுப்பார். பாதி ராத்திரியில் அவர் கண்ணயர்ந்தால் உள்ளே துரைக்கு வியர்க்கும். அந்த வியர்வையிலிருந்து பிறந்தது இந்திய பேட்டன்ட் வரலாறு. பதினாலு வருடத்துக்கு உரிமையும் கொடுத்தார்கள். இதில் இன்னொரு கூத்து உண்டு. உரிமை கொடுத்த அந்த 1856-ஆம் வருடச் சட்டத்துக்கு, இங்கிலாந்து ராணியின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க மறந்துபோனார்கள். அடுத்த வருடமே சட்டத்தை ரத்து செய்து, 1859-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அனுமதி கொடுக்கும் சட்டமே அனுமதி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டிபென்னிங் பெயரைத் தாங்கிய பேட்டன்ட் நிறுவனம் இன்றும் சென்னையில் இருக்கிறது.

இப்போது நடைமுறையில் இருப்பது 1970-ஆம் வருடச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். எதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்ற பட்டியல் அது. தெரிந்த பொருள்களை, தத்தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டிருக்கிறவற்றை, சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்டுபிடிப்பு ஆகாது: 3(எஃப்). விளையாட்டு விதிமுறை ஆகாது: 3(எம்). தெரு கிரிக்கெட்டுக்கு 'ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் அவுட்' என்ற மகத்தான சிந்தனையை நங்கநல்லூர் சந்துகளில் உருவாக்கிய மேதை யாராக இருந்தாலும், அவருக்கு ஒரு பைசா ராயல்டி கிடையாது. பாரம்பரிய அறிவு ஆகாது: 3(பி). இது வந்ததற்கு மஞ்சளும் ஒரு காரணம். 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, மஞ்சள்பொடியைப் போட்டுப் புண்ணை ஆற்றும் முறைக்கு பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். போராடி 1997-ல் ரத்து செய்யவைத்தது. நூறு கோடிப் பேர் கூடி நின்று 'எங்களுக்குத் தெரியும்' என்று சத்தியம் செய்தாலும் அந்த ஊர்ச் சட்டத்துக்கு அப்போது போதாது. வெளிநாட்டு விஷயம் என்றால் அச்சில் இருக்கவேண்டும். நம் ஊர்ப் பாட்டிகள் யாரும் கட்டுரை வெளியிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 3(ஏ). இயற்கை விதிக்கு முரணானது கண்டுபிடிப்பு ஆகாது. பெட்ரோல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், காந்தத்தை வைத்தே காலமெல்லாம் ஓடும் மோட்டார் செய்தவர்கள் இந்தப் பிரிவில் வந்து முட்டிக்கொள்வார்கள். அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ் இந்த ரகத்துக்கு மட்டும், ஓடுகிற மாடலைக் காட்டு என்று கேட்கும். நானும் அதே வழியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடுதா?"

"ஜோரா ஓடுது சார். ஆரம்பத்துல லேசா ஒரு தள்ளு தள்ளிவிடணும்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"அடுத்த தள்ளு வரைக்கும்."

இவர்களையாவது சமாளித்துவிடலாம். என்ன கண்டுபிடித்தார் என்பதையே சொல்லாதவரை என்ன செய்வது? படத்தைக் கொண்டுவருவார், உள்ளங்கையால் மூடிக்கொள்வார். "நீங்க எடுத்துட்டா?" என்பார். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒரு விரலைத் தூக்குவார். அந்த இடுக்கில் தெரிந்த அளவை வைத்துக்கொண்டு, "ஐயா, இது குடையா?" என்று கேட்டேன் ஒருவரிடம். அவர் அதிர்ந்து போய், படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோனார். குடைதான் போலிருக்கிறது.

சிரிக்க முடியாத பக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்கு நோவார்டிஸ் கேட்ட பேட்டன்ட்டை 2006 ஜனவரியில் நிராகரித்தது எங்கள் சென்னை ஆபீஸ்தான். தெரிந்த மருந்தின் புது வடிவம் மட்டுமே, பலன் கூடியதாக நிரூபணம் இல்லை என்பது 3(டி) பிரிவின் தடை. வழக்கு பல படிகள் ஏறி, 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. கம்பெனி மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆகும் என்றும், இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்றும் அப்போது பத்திரிகைகள் எழுதின. என் தொழிலில் இருக்கிற பல பேருக்கு 3(டி) என்றால் வேப்பங்காய். எனக்கு அது இந்தச் சட்டத்திலேயே சொரணையுள்ள பிரிவு. ஃபீஸ் கொடுக்கிற கட்சிக்காரர் எதிரில் இருக்கும்போது மட்டும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

கிண்டி வளாகத்திலேயே புவிசார் குறியீட்டுப் பதிவகமும் இருப்பதால் உறவினர்களிடம் எனக்கு ஒரு தனி மவுசு. பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு எல்லாம் அங்கே பதிவானவைதான். அந்தக் கட்டடத்துக்குள் போனாலே கையில் ஒரு தொன்னை கொடுப்பார்கள் என்று என் சித்தி நம்புகிறார். "நீ எங்கேடா கொண்டுவரப்போறே, அங்கேயே தின்னுட்டுதானே வருவே" என்பது அவருடைய நிரந்தரக் குற்றச்சாட்டு.

சமூக சேவை என்று நான் செய்கிற இரண்டில் முதலாவது, எங்கள் குடியிருப்பு சங்கத்துச் செயலாளர் பதவி. எழுத்து வேலை செய்கிறவர், நோட்டீஸ் நன்றாக எழுதுவார் என்று என் தலையில் கட்டினார்கள். தண்ணீர் மோட்டார் பற்றி நான் எழுதிய முதல் நோட்டீஸ், மேற்படி மோட்டார், மேற்படி நேரம், மேற்படி நேரத்தில் மேற்படி மோட்டாரை இயக்கும் மேற்படி குடியிருப்பாளர் என்று முக்கால் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக ஓடியது. கிளெய்ம் என்பது எவ்வளவு நீளமானாலும் ஒரே வாக்கியமாக இருக்கவேண்டும் என்பது உலகம் முழுக்க எங்கள் தொழில் மரபு, கை பழகிவிட்டது. இரண்டாம் மாடி மாமி அதை முழுசாகப் படித்துவிட்டு, "ஆக மொத்தம் மோட்டார் போடலாமா கூடாதா?" என்று கேட்டார். அதன் பிறகு நோட்டீஸ்களை வாட்ச்மேனை விட்டு எழுதச் சொல்கிறேன். 'மோட்டர் போடகூடது' என்று சாக்பீஸில் எழுதினார். எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டாவது சேவை, ஞாயிற்றுக்கிழமை காலை நூலக மாடியில் போடும் இலவச மேஜை. நானும் ரிட்டயரான ஓர் ஆடிட்டரும் அடுத்தடுத்து உட்காருவோம். அவர் வருமான வரி, நான் கண்டுபிடிப்பு. அவர் பக்கம் வரிசை மாடிப்படி வரை நிற்கும். என் பக்கம் வருகிறவர்களில் சிலர் அவருடைய வரிசை என்று நினைத்து வந்தவர்கள். ஆனாலும் வருகிறார்கள்: லேத் பட்டறைக்காரர், பாலிடெக்னிக் மாணவர், தென்னைமரம் ஏற ஏணி செய்தவர், எலிப்பொறி செய்தவர். பேட்டன்ட் ஆபீஸ் கட்டணத்தை மட்டும் அவர்கள் கட்டவேண்டும். தனி நபர் ஆன்லைனில் தாக்கல் செய்ய 1,600 ரூபாய். என் உழைப்பு இலவசம். பெரும்பாலும் அந்த உழைப்பு, "இது ஏற்கெனவே இருக்குங்க" என்று சொல்வதில் முடியும். தேடிப் பார்த்தால் ஜப்பானில் யாரோ 1974-லேயே செய்துவைத்திருப்பார்கள். ஜப்பானியர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இத்தனை பேரைப் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: கண்டுபிடித்தவருக்குத் தான் கண்டுபிடித்தது எது என்று தெரியாது. எதை மார்தட்டிக் காட்டுகிறாரோ அது ஊரில் எங்கேயோ இருக்கும். எதைக் கையால் ஒதுக்கிவிட்டு, "அதை விடுங்க சார்" என்கிறாரோ, அங்கேதான் விஷயம் இருக்கும். என் மாமனாரின் கேள்விக்கு இதுதான் விடை. நடுவில் நான் அதைத்தான் தேடுகிறேன்.

அப்படி ஒரு ஞாயிறு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். கூடவே அவர் மனைவி, தூக்குவாளியோடு. பையிலிருந்து வெளியே வந்தது ஓர் இடியாப்ப உரல். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. சைக்கிள் ஃப்ரீவீலிலிருந்து எடுத்த ராட்செட். கைப்பிடியை ஆட்ட ஆட்ட, உள்ளே தண்டு கடக் கடக்கென்று இறங்கும்.

"இவளுக்கு மணிக்கட்டு வலி தம்பி. பிழிய முடியலே. அதான் இந்தச் சக்கரத்தை வெச்சேன். ஒரு குழந்தை பிழியலாம்."

நல்ல வேலைப்பாடு. ராட்செட்டும் நெம்புகோலும் வைத்துப் பிழிகிற சாதனங்கள் உலகத்தில் ஏராளம் என்பதுதான் சங்கடம். அதைச் சொல்வதற்கு முன் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"வெளியாட்கள் யாராவது பார்த்திருக்காங்களா?"

"இடியாப்பத்தைப் பார்த்திருக்காங்க" என்றார் அம்மா.

"மெஷினை?"

பெரியவர் பெருமையாக, "பேரன் யூடியூப்ல போட்டிருக்கான் தம்பி!" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. தாக்கல் செய்வதற்கு முன்னால் ஊருக்குக் காட்டிவிட்டால் புதுமை போயிற்று. மொத்தம் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள், அதில் பன்னிரண்டு பேர் சொந்தக்காரர்கள். சட்டம் உறவுமுறை பார்ப்பதில்லை. வீடியோவை அங்கேயே போட்டுப் பார்த்தோம். மூன்று நிமிடமும் தாத்தாவின் முகம், சுவரில் தொங்கும் முருகன் காலண்டர், லென்ஸை மறைக்கும் பேரனின் கட்டைவிரல். ராட்செட் சத்தம் கேட்கிறது. கைப்பிடி ஓரிரு முறை எட்டிப்பார்க்கிறது. உரலின் உள்பக்கத்தைக் காட்டவே இல்லை.

உள்பக்கத்தை நான் பார்த்தேன். பம்பு கம்பெனிப் பழக்கம், எதைக் கொடுத்தாலும் பிஸ்டனைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும். தண்டின் அடியில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். முழு வளையம் இல்லை, வெட்டி வளைத்தது. வெட்டின இரண்டு முனையும் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அழுத்தினால் முனைகள் இறுகிக்கொண்டன. இழுத்தால் நூலிழை அளவுக்கு விலகின.

"இது என்னங்க?"

"அது ஒண்ணுமில்லே தம்பி, வாஷர். மாவு பின்னாடி ஏறும், அதுக்காக. நீங்க இந்தச் சக்கரத்தைப் பாருங்க."

"முனையை ஏன் சாய்வா வெட்டினீங்க?"

பெரியவர் உரலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அதற்குள் அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது நான் வெட்டினது தம்பி. இவரு வாங்கிட்டு வந்த வாஷர் எதுவும் நிக்கலே. பழைய குக்கர் கேஸ்கட்டை எடுத்து வெட்டிச் சுத்தினேன். மொதல்ல நேராத்தான் வெட்டினேன். தண்டைத் தூக்கறப்ப மாவும் கூடவே மேல வந்துச்சு. காத்து போக வழியில்லாம இழுக்குது போலன்னு தோணிச்சு. அப்புறம் சாய்ச்சு வெட்டிப் பார்த்தேன். சரியாப் போச்சு."

அடுத்த மேஜையில் ஆடிட்டர் கால்குலேட்டரை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். பெரியவர், "நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே?" என்றார். "நீங்க கேக்கலியே" என்றார் அம்மா. நாற்பது வருடத் தாம்பத்தியத்தை அந்த ஒரு வளையத்தில் சுற்றி வைத்திருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் பெயரைச் சட்டப்படி சரியாகக் குறிப்பிடவேண்டும். யார் யார் என்று ஒரு படிவத்திலேயே உறுதி கூறவேண்டும். "சக்கரத்துக்கு நீங்க, வாஷருக்கு அம்மா. ரெண்டு பேர் பேரும் போடணும்" என்றேன். பெரியவர் கொஞ்சம் யோசித்து, "எந்தப் பேர் மொதல்ல வரும்?" என்று கேட்டார். விண்ணப்பதாரர்களில் ஒரு பெண் இருந்தால் பரிசோதனையை விரைவாக நடத்தக் கோரலாம் என்று விதி இருப்பதைச் சொன்னேன். "அப்ப அவ பேரே மொதல்ல இருக்கட்டும்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். தூக்குவாளியில் இருந்தது இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். செயல்முறை விளக்கம் என்று கணக்கெழுதிவிட்டு நானும் ஆடிட்டரும் சாப்பிட்டோம்.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கவேண்டும். அதனால் எழுதி முடித்தபின் அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: "குழைவான உணவுப்பொருளைப் பிழியும் ஒரு சாதனம், அது ஓர் உருளையையும், மேற்படி உருளையினுள் மேலும் கீழும் நகரத்தக்க ஓர் உந்துதண்டையும், மேற்படி உந்துதண்டைச் சுற்றி அமைந்த நெகிழ்வுள்ள ஒரு வளையத்தையும் கொண்டது, மேற்படி வளையத்தின் இரு முனைகளும் சாய்வாக வெட்டப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மேற்படி உந்துதண்டு இறங்கும்போது நெருங்கியும் ஏறும்போது காற்று புகும் அளவுக்கு விலகியும்…"

பெரியவர் கையைத் தூக்கினார். "இது நம்ம மெஷினா தம்பி?"

"இடியாப்பம்ங்கிற வார்த்தையே வரலியே?" என்றார் அம்மா.

"அம்மா, இடியாப்பம்னு எழுதினா முறுக்கு மெஷின்காரன் இதே வளையத்தைப் போட்டுட்டு, 'நான் பண்றது முறுக்கு'ம்பான். அதனால குழைவான உணவுப்பொருள்."

"முறுக்கு மாவு கெட்டி. அதுக்கு இந்த வாஷர் நிக்காது தம்பி."

"அது அவனுக்குத் தெரியவேண்டாம்மா."

தாக்கல் செய்தாயிற்று. விரைவுப் பரிசோதனை என்றாலும் ஆபீஸிலிருந்து முதல் ரிப்போர்ட் வரச் சில மாதங்கள் ஆகும். காத்திருக்கும் காலத்துக்கு என்னிடம் நிறையப் பொழுதுபோக்குகள் உண்டு. என் மனைவிக்கு அவற்றில் எதுவும் பிடிக்காது. பரணில் இருக்கும் வால்வ் ரேடியோக்கள் ஒன்று. ரிச்சி தெருவில் தேடி அலைந்து வாங்கிய வால்வைச் செருகி, மர்பி ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கும்போது, "செல்போன்ல இதே பாட்டு வருதே?" என்பாள். புதுமை இல்லை என்ற ஆட்சேபணை. நான் பதில் தாக்கல் செய்வதில்லை.

மார்கழியில் கச்சேரி. சபா கேன்டீனுக்கும் அரங்குக்கும் நடுவே என் நேரத்தைச் சரிசமமாகப் பங்கிடுவேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அங்கே எனக்குக் கிடைக்கிற நிம்மதி வேறு எங்கும் கிடைப்பதில்லை. நூற்றாண்டுகளாக எல்லோரும் அதே தோடியைப் பாடுகிறார்கள், 'இது ஏற்கெனவே இருக்கு' என்று ஒருத்தரும் எழுந்து நிற்பதில்லை. தியாகராஜர் மறைந்தது 1847-ல். டிபென்னிங் விண்ணப்பம் கொடுத்தது அதற்கு ஒன்பது வருடம் கழித்து. பங்கா மெஷினை யாராவது சமீபத்தில் பார்த்தீர்களா?

மூன்றாவது, ராத்திரியில் பழைய பேட்டன்ட்களைப் படிப்பது. மற்றவர்கள் துப்பறியும் நாவல் படிக்கிற மாதிரிதான், கொலை மட்டும் இருக்காது. மார்க் ட்வைனுக்கு மூன்று பேட்டன்ட் உண்டு. அதில் ஒன்று, பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிவைத்த ஒட்டுப் புத்தகம், 1873. எழுத்தே இல்லாத அந்தப் புத்தகமும் நன்றாக விற்றது. எழுதுகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருப்பது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது ரைட் சகோதரர்களுடையது. தாங்களே எழுதி அனுப்பிய விண்ணப்பத்தை அமெரிக்க ஆபீஸ் திருப்பிவிட்டது. 1904-ல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் ஹாரி டூல்மின் என்ற பேட்டன்ட் வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். அதற்குள் கிட்டிஹாக்கில் எஞ்சின் வைத்துப் பறந்தும் காட்டிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் 'பறக்கும் எஞ்சின்!' என்று குதித்திருப்பார்கள். டூல்மின் எஞ்சினை விட்டுவிட்டார். இறக்கையை முறுக்கி விமானத்தைச் சாயாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டு முறை இருக்கிறதே, அதற்கு உரிமை கேட்டார். 1906-ல் 821393 என்ற எண்ணில் கிடைத்தது. எஞ்சினே இல்லாத கிளைடருக்கும் அது பொருந்தும். விமானத்தில் வாஷரைக் கண்டுபிடித்தவர் அந்த மனிதர். ரைட் சகோதரர்களுக்கு ஊர் ஊராகச் சிலை இருக்கிறது. டூல்மினைப் பற்றி என் கட்சிக்காரர்களிடம் சொன்னால், "அவர் எவ்வளவு ஃபீஸ் வாங்கினாரு?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன மாதம் இடியாப்ப உரலுக்கு ரிப்போர்ட் வந்தது. பதில் சொல்ல ஆறு மாதம் அவகாசம். எக்ஸாமினர் இரண்டு பழைய பேட்டன்ட்களைக் காட்டியிருந்தார். ஒன்று, ஜன்னல் இடுக்கில் சிலிக்கோன் பசை அடிக்கும் துப்பாக்கி. அதில் ராட்செட்டும் தண்டும் இருக்கிறது. இன்னொன்று, காற்று பம்பில் போடும் வெட்டு வளையம். முதலாவதன் தண்டில் இரண்டாவதன் வளையத்தைப் போட்டால் உங்கள் உரல் வந்துவிடும், துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவருக்கே இது தோன்றியிருக்குமே என்பது ஆட்சேபணை. எங்கள் தொழிலில் தினசரி வருகிற ஆட்சேபணைதான் என்றாலும், பதில் சொல்லச் சிரமமானது.

அம்மாவையும் பெரியவரையும் நூலக மாடிக்கு வரச் சொல்லி, இரண்டு படங்களையும் காட்டினேன். பெரியவர் துப்பாக்கியின் ராட்செட்டையே பார்த்து, "நம்மளுது இதைவிட நைசா இறங்கும்" என்றார். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தார்.

"இந்தத் துப்பாக்கியில பசை போட்டு அடிச்சா அவ்வளவுதானே, தண்டை வெளியே இழுத்து மறுபடி ரொப்ப வேண்டியதில்லையே?"

"இல்லைம்மா. டியூபைத் தூக்கிப் போட்டுட்டு வேற டியூப் போடுவாங்க."

"அப்ப அவனுக்குத் தண்டைத் தூக்கறப்ப காத்து வேணும்ங்கிற கஷ்டமே வந்திருக்காது. கஷ்டம் வராதவனுக்கு இந்த வாஷர் ஏன் தோணப்போவுது?" கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆபீசருகிட்ட ஒண்ணு கேளு தம்பி. அவரு சொல்ற மாதிரி இந்தத் துப்பாக்கியையும் அந்த வளையத்தையும் சேத்து வெச்சா, அதுல இடியாப்பம் வருமாமா?"

அதையேதான் இங்கிலீஷில், மேற்படி, மேற்படி என்று போட்டுப் பதினோரு பக்கத்துக்கு நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.